பல்லிடுக்கில் தொலைந்த ஊர்

கல்லாங்காட்டில் பல்லைச் சுத்தம் செய்தால் பேச்சு உதிரும். வேறு ஊர்களில் பல்லில் படிந்த காரை மட்டும் உதிரும், எங்கள் ஊரில் அந்தக் காரை படிந்த காலத்தில் வாய்க்காரர் சொல்ல நினைத்து விழுங்கின பேச்சும் அவருடைய சொந்தக் குரலிலேயே சேர்ந்து உதிரும், ஒரே ஒரு தடவை கேட்கும், பிறகு எச்சில் தண்ணீரோடு குழாயில் இறங்கிப் போய்விடும், அவ்வளவுதான் விஷயம். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டுகிற பிழைப்பு எங்களுக்கு இல்லை, மாட்டுச்சந்தைக்காரர்கள் நாங்கள், பிடித்தால் வாங்கு, பிடிக்காவிட்டால் கயிற்றை விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இரு.

டாக்டர் பெனிட்டா கடலோரத்து ஊரிலிருந்து வந்து உரக்கடை மாடியில் கிளினிக் போட்டபோது பல்லுக்கென்று தனியாக ஒரு டாக்டரா என்று சிரித்தவர்கள்தான் ஊரில் பாதிப் பேர். முதலில் படியேறியவர் பேக்கரி துரைராசு. வெற்றிலை போட்டுப் போட்டு அவருடைய பல் கரி பிடித்த அடுப்புக் கல் மாதிரி இருக்கும். டாக்டரம்மா அவரைச் சாய்த்துப் படுக்கவைத்து, வாய்க்குள் எச்சில் உறிஞ்சுகிற குழாயைச் செருகி, காரையைப் பெயர்க்கிற, கொசு பாடுவது போலப் பாடுகிற அந்த மிஷின் ஊசியைக் கீழ்வரிசைப் பல்லுக்குப் பின்னால் வைத்ததும், ஒரு துண்டு காரை பெயர்ந்து விழ, துரைராசுவின் குரல் அறை முழுக்கக் கேட்டது: "அக்கா, இது நேத்து போட்ட பன்னுங்க. இன்னைக்குப் போட்டதுன்னு சொல்லிக் குடுத்துட்டனுங்க." துரைராசுவோ வாயைப் பிளந்தபடி, குழாயைக் கவ்வியபடி, முழித்துக்கொண்டு கிடந்தார். டாக்டரம்மா ஊசியை நிறுத்தினார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார், அடுத்த பல்லுக்குப் போனார். சாயங்காலம் மிஷின் கம்பெனிக்கு போன் போட்டுச் சொன்னதற்கு, தண்ணீர் டேங்கைக் கழுவிப் பாருங்கள் மேடம் என்றார்களாம். கழுவிப் பார்த்தார். மறுநாள் இன்னும் தெளிவாகக் கேட்டது.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், முதலில் சண்டையாகத்தான் எடுத்துக்கொண்டது. அடுத்தவன் வாயிலிருந்து என்ன உதிர்கிறது என்று கேட்க மாடிப்படியில் கூட்டம் உட்கார்ந்தது, உரக்கடைக்காரர் அந்தக் கூட்டத்துக்கு வேர்க்கடலை விற்றார், ஒரு மருமகன் வாயிலிருந்து மாமியாரைப் பற்றி உதிர்ந்த ஒரே ஒரு வாக்கியத்துக்காக இரண்டு குடும்பங்கள் செருப்பைக் கழற்றின. அதற்குப் பிறகுதான் பால் சொசைட்டி முற்றத்தில் பெரியவர்கள் கூடி ஒரு முடிவுக்கு வந்தார்கள்: நாற்காலிப் பேச்சுக்கு வழக்கு இல்லை. கூட வந்தவர்கள் எதைக் கேட்டிருந்தாலும், சுத்தம் செய்துகொண்டவர் வாயைக் கொப்பளித்துத் துப்பும்போது அவர்களும் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும், அதோடு சரி. இன்றைக்கும் கல்லாங்காட்டுக் கிளினிக்கில் துப்புகிற தொட்டி இரண்டு இருக்கும், ஒன்று வாய்க்கு, ஒன்று காதுக்கு.

அப்புறம் ஊர் பழகிக்கொண்டது, எதற்குத்தான் பழகவில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் மாப்பிள்ளைக்குச் சொத்து எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் எப்போது கடைசியாகக் கிளீனிங் போனார் என்று கேட்டார்கள். தையல்கடை அமராவதி ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வருவாள், அவள் வாயிலிருந்து "எனக்கு அந்தக் கலரு புடிக்கல", "கைவலிக்குது, நாளைக்குத் தெச்சுக்கறேன்" என்று பொடிப்பொடியாகத்தான் உதிரும், ஊசி ஒரு இழுப்பு இழுத்தால் முடிந்தது, சிரித்துக்கொண்டே படியிறங்குவாள், அவளுடைய ஈறு பச்சைக்குழந்தையின் உள்ளங்கால் போல இருக்கும். அடிக்கடி வருகிறவர்களின் வாயில் பேச்சு சின்னதாகத்தான் இருந்தது.

வராதவர்களுக்குத்தான் கஷ்டம். டாக்டரம்மா வருகிறவர்களிடமெல்லாம் தொண்டை வற்றச் சொன்னார்: "சாப்பிட்ட மிச்சம் பல்லோரத்துல மாவு மாதிரி படியுது, தேய்க்காம விட்டா சில நாள்ல கல்லாயிடுது. கல்லானதுக்கு அப்புறம் உங்க பிரஷ்ஷும் எடுக்காது, வேப்பங்குச்சியும் எடுக்காது. அது ஈறுக்குக் கீழ எறங்கும், உள்ளே எலும்பைக் கரைக்கும், ஒரு நாள் நல்ல பல்லே புடிமானம் இல்லாம கையோட வந்துடும். வலிக்கிற வரைக்கும் காத்திருக்காதீங்க, இது வலிக்காமலே நடக்கற வேலை." இது எல்லா ஊருக்கும் பொது. எங்கள் ஊருக்கென்று இன்னொன்று இருந்தது. ரொம்ப நாள் விட்டுவிட்டால், விழுங்கின பேச்சு மனசிலிருந்து மொத்தமாகப் பல்லுக்குக் குடிபோய்விடும். சொல்ல நினைத்தவருக்கே அது என்னவென்று மறந்துவிடும்.

ஊரே படியேறினாலும் ஏறாதவர்கள் மாட்டுத் தரகர்கள். எங்கள் தொழிலில் பல்தான் சாட்சி. மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் தலையைத் தூக்கி, உதட்டை விலக்கிப் பார்த்தால் ரெண்டு பல்லா, நாலு பல்லா, கடைப்பல் சேர்ந்ததா என்று மாடே தன் வயதைச் சொல்லிவிடும், மாட்டுக்காரன் என்ன சத்தியம் செய்தாலும் அது எடுபடாது. அதனால்தான் கிழட்டு மாட்டின் பல்லை அரம் போட்டு ராவி, கறையைச் சுரண்டி, இளங்காளை என்று தள்ளிவிடப் பார்க்கிறவனைச் சந்தைக்குள் மறுபடி கால்வைக்க விடமாட்டோம். பல்லைச் சுரண்டினவன் என்பதுதான் எங்கள் சந்தையில் ஒரு மனுசனைப் பார்த்துச் சொல்லக்கூடிய ஆகக் கேவலமான வார்த்தை. அப்படிப்பட்டவர்களிடம் போய், வாயைத் திற, சுரண்டுகிறேன் என்றால் யார் திறப்பார்கள்?

அதிலும் சென்னியப்பன் திறக்கவே மாட்டார். செருப்பில்லாமல் சந்தைக்கு வந்து, சாணி அள்ளி, அடிபட்டு, ஏமாந்து, ஏமாற்றினவனைத் தேடிப்பிடித்து நியாயம் கேட்டு, கடைசியில் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்தால் எதிராளிக்கு வேர்க்கிற அளவுக்கு வளர்ந்த ஆள். எங்கள் தரகில் விலையை வாயால் சொல்வதில்லை, தோளில் கிடக்கிற துண்டைக் கைமேல் போட்டு, அதற்கடியில் விரல்களைப் பிடித்துத்தான் பேசுவோம். பிடி இருக்கிற வரைக்கும் பேச்சு இருக்கிறது என்று அர்த்தம், கையை விட்டால் முறிந்தது. சென்னியப்பன் துண்டுக்குள் அமைதியானவர், துண்டுக்கு வெளியே இடி. மனசில் ஒன்றையும் வைத்துக்கொள்ளாத மனுசன் என்று அவரைச் சொல்வார்கள், அவரும் சொல்லிக்கொள்வார். "எம்பட வாயில காரையே புடிக்காது. எல்லாத்தையும் அப்பப்பவே கத்தித் தீத்தர்றனே."

அவருடைய ஒரே மகள் பூங்கொடி, மாவுமில்லில் வேலைபார்த்த வேற்றுச் சாதிப் பையனோடு போய்விட்டாள். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மனைவி பாவாத்தாள் மகள் பேரைச் சொல்லி வாயெடுத்தபோது சென்னியப்பன் சோற்றுத் தட்டைத் தூக்கி வாசலில் எறிந்தார், வாசலில் நின்ற கன்று மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. "அந்தப் பேரு இந்த ஊட்ல இனி கேக்கக் கூடாது," என்றார். கேட்கவில்லை. பாவாத்தாள் தட்டைக் கழுவி வைத்தாள்.

அடுத்த வருசம் பால் சொசைட்டி போனுக்குப் பூங்கொடி கூப்பிட்டாள். பால் ஊற்ற வந்த பாவாத்தாள்தான் பேசினாள். தான் மாசமாக இருப்பதாகப் பூங்கொடி சொன்னாள், ஊர்ப் பேரைச் சொன்னாள், "அப்பா சரீன்னாத்தான் நீயும் வரோணும் அம்மா, ரெண்டு பேரும் சேந்து வரோணும், அதுவரைக்கும் நானும் கூப்புட மாட்டேன்" என்று சொன்னாள். பிடிவாதத்தில் அப்பனை உரித்துவைத்தவள். அவள் சொன்ன ஊர்ப் பேரைப் பாவாத்தாள் காலிப் பால்கேனோடு பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோனாள், கணவர் சாப்பிட உட்கார்ந்ததும் எதிரில் நின்றாள்.

"ஏனுங்க."

"என்ன?"

அவர் அன்றைக்கு ஒரு ஜோடிக் காளை கைமாறாத கோபத்தில் இருந்தார். அவள் அவருடைய தட்டைப் பார்த்தாள்.

"ரசம் ஊத்தட்டுங்களா?"

மறுநாளும் ஏனுங்க என்றாள், மறுநாளும் ரசம்தான் வந்தது. சந்தை நாளிலும் சந்தையில்லாத நாளிலும், மழை பெய்தபோதும் மாடு செத்தபோதும், ஆடி நோன்புக்கும் தைநோன்புக்கும், அவள் ஏனுங்க என்று கூப்பிட்டாள், அவர் என்ன என்றார், அவள் ரசம் ஊற்றினாள். ஊற்ற ஊற்ற அந்த ஊர்ப் பேர் மாவாகப் படிந்து, கல்லாக இறுகி, ஈறுக்குக் கீழே இறங்கியது.

பல் தேய்க்கும்போது ரத்தம் வர ஆரம்பித்தபோது அவள் கேட்டாள். "டாக்டரம்மாகிட்ட ஒருக்கா காட்டிட்டு வந்தர்ட்டுங்களா? எல்லாரும் போறாங்க."

"தரகன் பொண்டாட்டி பல்லைச் சுரண்டிட்டு வந்தா நாளைக்கு எவன் என் கையப் புடிப்பான்? உப்பு வெச்சுத் தேயி. கிராம்பு வெய்யி. எங்க ஆயா சாகற மட்டும் கரும்பு கடிச்சா, அவளுக்கெந்த டாக்டரு?"

உப்பு வைத்துத் தேய்த்தாள். முதல் பல் கம்பங்கூழில் விழுந்தது. கழுவி, மஞ்சள்தூள் டப்பாவில் போட்டுவைத்தாள், எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாக அந்த டப்பாவுக்குப் போயின. பேச்சுக் குறைந்தது. சாயங்காலம் சாப்பாட்டு நேரத்தில் ஏனுங்க என்று கூப்பிட்டுவிட்டு, எதற்குக் கூப்பிட்டோம் என்று அவளே யோசித்தபடி நிற்பாள். இப்போது அவள் எதையும் விழுங்கவில்லை. விழுங்குவதற்கு ஒன்றும் இல்லை.

ஒரு நாள் காலையில் அவள் கன்னம் வீங்கி, கண் மூடிப்போய், காய்ச்சலில் உடம்பு நெருப்பாகக் கிடந்தாள். சென்னியப்பன் கத்திப் பார்த்தார். கத்தினால் வீக்கம் வடியவில்லை. மாடு ஏற்றுகிற டெம்போவின் முன்சீட்டில் அவளை உட்காரவைத்து, உரக்கடை வாசலில் நிறுத்தி, தோளில் சாய்த்துப் படியேற்றினார். டாக்டரம்மா சீழை எடுத்து, மாத்திரை கொடுத்து, "காய்ச்சல் விடட்டும், அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க அய்யா, மிச்சம் இருக்கற பல்லையாவது காப்பாத்தணும்" என்றார். சந்தைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த வாரம் பாவாத்தாளை நாற்காலியில் சாய்த்தார்கள். சென்னியப்பன் பக்கத்தில் நின்றார், காதுக்கான டம்ளர் கையில் இருந்தது. ஊசி பாடியது. முதலில் "ஏனுங்க" என்று உதிர்ந்தது. பிறகும் "ஏனுங்க". ஏனுங்க, ஏனுங்க என்று அவளுடைய குரல், இளவயசுக் குரல், கொஞ்சம் கொஞ்சமாக வயசாகிக்கொண்டு வந்த குரல், அறையின் சுவரெல்லாம் மோதி உதிர்ந்துகொண்டே இருந்தது, டாக்டரம்மாவின் முகக்கவசம் ஈரமானது. கீழ்வரிசை முன்பல்லுக்கு வந்தபோது, பின்பக்கத்தில் பாசி படிந்த படிக்கல் மாதிரி ஒரு காரை. ஊசி அதைச் சுற்றிச் சுற்றி வந்து மெதுவாகப் பெயர்த்தது.

"ஏனுங்க, நம்ம பூங்கொடி சொசைட்டிக்கு போன் பண்ணுனாளுங்க."

சென்னியப்பனின் கையிலிருந்த டம்ளர் சாய்ந்து தண்ணீர் அவர் வேட்டியில் கொட்டியது.

"மாசமா இருக்கறாளாமுங்க. ரெண்டு பேரும் சேந்து வந்தாத்தான் ஆச்சுன்னு சொல்றாளுங்க. போய்ட்டு வந்தர்லாமுங்க. ஊரு எதுன்னா..."

ஊசி அடுத்த பல்லுக்கு நகர்ந்தது. அடுத்த பல் அங்கே இல்லை. வெறும் ஈறு, வழவழவென்று, ரொம்ப நாளைக்கு முன்பே ஆறிப்போன ஈறு.

"எந்த ஊரு?" என்றார் சென்னியப்பன். "பாவாத்தா, எந்த ஊரு?"

குழாயை எடுத்துவிட்டு அவளை உட்காரவைத்தார்கள். அவள் யோசித்தாள். நெற்றியைச் சுருக்கி, வாயைத் திறந்து, நாக்கால் அந்த வெறும் ஈறைத் தடவித் தடவிப் பார்த்தாள். "தெரிஞ்சுதுங்க. சொல்லோணும் சொல்லோணும்னு வாயிலயே வெச்சிருந்தனுங்க. எங்க போச்சுன்னு தெரியலீங்க."

அவர் டெம்போவை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், மஞ்சள் டப்பாவோடு திரும்பி வந்தார். டாக்டரம்மா அந்தப் பற்களை ஒவ்வொன்றாக எடுத்து, இடுக்கியில் பிடித்து, மஞ்சளைத் துடைத்து, ஊசியை வைத்தார். காரை பெயர்ந்தது. ஒரு சத்தமும் வரவில்லை. வாயில் இருந்தால்தான் பேச்சு, வெளியே வந்துவிட்டால் வெறும் கல். கடைசிப் பல்லும் முடிந்ததும் சென்னியப்பன் தோளிலிருந்த துண்டை எடுத்து டாக்டரம்மாவின் கைமேல் போட்டு, அதற்கடியில் தன் கையை விட்டு அவர் விரல்களைப் பிடித்தார். வாழ்நாள் முழுக்க எதையெல்லாம் பேசி வாங்க முடிந்ததோ அதெல்லாம் அப்படித்தான் வாங்கியிருந்தார். டாக்டரம்மாவுக்கு அந்த விரல் பாஷை தெரியாது. கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை.

"அய்யா," என்றார் மெதுவாக, "அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா இது ஒரே இழுப்பு வேலை."

"பாத்துச் சொல்லுங்க அம்மணி. வேற வழி இருக்கும்."

"இல்லைங்கய்யா."

அவர் பிடியை விட்டார். சந்தையில் அவர் முதலில் பிடியை விட்டு நாங்கள் பார்த்ததில்லை. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, பாவாத்தாள் எழுந்த நாற்காலியில் தானே ஏறிப் படுத்து, வாயைத் திறந்தார்.

தரகர் சென்னியப்பன் பல்லைச் சுரண்டிக்கொள்கிறார் என்றதும் சந்தையே படியில் ஏறிவிட்டது. அவர் வாயிலிருந்து என்ன உதிரும் என்று எங்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. வசவு உதிரும், எங்களில் யார் யாரை எப்படியெல்லாம் நினைத்திருந்தார் என்று உதிரும், அல்லது அவர் சொன்னதுபோல ஒன்றுமே இருக்காது. டாக்டரம்மா விளக்கை இழுத்து உள்ளே பார்த்தார், பார்த்தபடியே கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு ஊசி பாடியது.

"பூங்கொடி, பஸ்ஸுக்கு நேரமாச்சு, இன்னும் தலை பின்னீட்டு இருக்கறயா?"

அது அவருடைய இடிக்குரல் இல்லை. துண்டுக்கடியில் இருக்கிற குரல், நாங்கள் கேட்டே அறியாத குரல்.

"பூங்கொடி, செவலைக் கன்னு உன்னையத்தான் தேடுது. பூங்கொடி, சாப்புட்டயா? பூங்கொடி, அந்தப் பையன் உன்னைய நல்லா வெச்சிருக்கறானா? பூங்கொடி, இந்நேரம் உனக்குக் கொழந்தை குட்டி ஏதாச்சும் பொறந்திருக்குமா?" காரை தடித்தடியாகப் பெயர்ந்து விழுந்தது, விழ விழ அந்தப் பேர் உதிர்ந்தது, வீட்டில் கேட்கவே கூடாது என்று அவர் சொன்ன பேர். பகலும் ராத்திரியுமாக அவர் விழுங்கின அத்தனையும் அந்த ஒரே பேர். துப்புகிற தொட்டியில் தண்ணீர் சுழித்துச் சுழித்து அதைக் கொண்டுபோனது. சென்னியப்பனின் கண் இரண்டும் மூடியிருந்தன, காதோரம் வழிந்தது ஊசித் தண்ணீரா வேறெதாவதா என்று நாங்கள் பார்க்கவில்லை.

ஓரத்து ஸ்டூலில், கடைவாயில் பஞ்சை வைத்தபடி பாவாத்தாள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்து அவர் எழுந்து உட்கார்ந்ததும், பஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள். "இத்தனைய வாய்க்குள்ள வெச்சுக்கிட்டுத்தான் ரசம் குடிச்சீங்களா?"

கொப்பளிக்கச் சொல்லி டம்ளரை நீட்டினார்கள். அவர் கொப்பளித்தார். காதுக்கான டம்ளரை அவளிடம் நீட்டினார்கள். அவள் வாங்கிக் கீழே வைத்துவிட்டாள். கல்லாங்காட்டில் அந்தத் தண்ணீரைக் கொப்பளிக்காமல் இறங்கிப்போனது அவள் ஒருத்திதான்.

இப்போது தரகர்களும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை படியேறுகிறோம், பல்லைச் சுரண்டினவன் என்கிற வசவு எங்கள் சந்தையில் மாட்டுக்கு மட்டும்தான். பால் சொசைட்டி போனை எடுத்துவிட்டு வேறு கொண்டுவந்துவிட்டார்கள், பழையதில் யார் எங்கிருந்து கூப்பிட்டார்கள் என்று சொல்ல ஆளில்லை, மாவுமில் பையனின் சொந்தக்காரர்களும் ஊரைக் காலிசெய்து போய் வருசமாகிவிட்டது. பாவாத்தாளின் வாயில் மிச்சமிருக்கிற பற்களை டாக்டரம்மா முறைதவறாமல் சுத்தம் செய்கிறார், அவற்றிலிருந்து இப்போது ஒன்றும் உதிர்வதில்லை. அவள் எதையும் மிச்சம் வைப்பதில்லை, ரசத்தில் உப்பு போதவில்லை என்று அவர் சொன்னால் நீங்களே வெச்சுக் குடிங்க என்கிறாள்.

சந்தை இல்லாத நாட்களில் அவர்கள் இருவரும் பஸ் ஏறிவிடுகிறார்கள். எந்த ஊருக்கும் போவதற்காக அல்ல. ஏதாவது ஒரு பெரிய பஸ் ஸ்டாண்டில் இறங்கி, சிமெண்ட் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார்கள். கண்டக்டர்கள் பஸ்ஸின் பக்கவாட்டைத் தட்டித் தட்டி ஊர்ப் பேர்களைக் கூவுகிறார்கள், மலையூர்களை, கடலோரத்து ஊர்களை, நூல்மில் ஊர்களை, இவர்கள் கேட்டேயிராத ஊர்களை. பாவாத்தாள் தலையைச் சாய்த்து, கேட்கிற ஒவ்வொரு பேரையும் நாக்கால் எடுத்து அந்த வெறும் ஈறில் வைத்துப் பார்க்கிறாள், பொருந்துகிறதா என்று. சென்னியப்பன் துண்டை மடியில் விரித்து, அதற்கடியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அந்த ஊர்ப் பேர் காதில் விழுந்தால் விரலை அழுத்த வேண்டும் என்பது அவர்களுக்குள் பேச்சு.

கடைசி பஸ்ஸையும் தட்டிக் கூவி அனுப்பிவிட்டார்கள். அவள் இன்னும் அழுத்தவில்லை. அவர் இன்னும் கையை விடவில்லை.